வழிப்பிரயாணத்து ருசி: ஒரு குணதோஷ விசாரணை

குடும்பத்தோடு காரில் புறப்பட்டு, அவசரமில்லாமல் பல ஊர்களைக் கடந்து செல்லுகையில், அந்தந்த ஊருக்கே உரிய உணவை அங்கங்கே இறங்கி உண்டு, சட்டம் இடங்கொடுக்கிற நகரங்களில் அங்கேயே காய்ச்சிய பீரையும் சிறு கிண்ணங்களில் வாங்கிப் பரீட்சித்துப் பார்ப்பது என்னும் வழக்கம், நம் நடுத்தர வகுப்பாரிடையே சில காலமாக வேரூன்றி வருகிறது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குப் போய், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் என்று மேற்கே திரும்பிச் சேலத்தையும் அதற்கப்பால் பெங்களூரையும் அடைகிற பாதையை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். அதில் புதுச்சேரியிலும் பெங்களூரிலும் சிறு பீர் ஆலைகள் இருக்கின்றன. இடையே கல்வராயன் மலை இருக்கிறது. மலைக்குக் கீழே கள்ளக்குறிச்சி நகருக்குள்ளேயே, 2024 ஜூன் மாதத்தில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தின் மையமான கருணாபுரமும் இருக்கிறது. இந்தப் பாதையில் சுவையைப் பற்றிப் பேசுகிறவர் அந்த ஊரைப் பேசாமல் தாண்டிப் போவது நியாயமாகாது. ஆகையால் இவ்வழக்கத்தின் குணத்தையும் தோஷத்தையும் அந்த ஊரை நடுவில் நிறுத்தியே விசாரிப்போம்.

இது மேல்நாட்டு மோகம் என்று முதலிலேயே தள்ளிவிடுகிறவர்கள், நம்முடைய ஆற்றுப்படை நூல்களை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு நல்லூர் நத்தத்தனார் வழி சொல்லும்போது, எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் பழைய தேறலையும் சுட்ட மீனையும், வேலூரில் புளிச்சுவைக் கறியோடு கூடிய சோற்றையும் ஆமான் இறைச்சியையும், ஆமூரில் நண்டோடு உண்ணும் வெண்சோற்றையும் ஊர் ஊராக எடுத்துக் கூறுகிறார்; அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணத்துப் பக்கம் என்பதும், அப்பாட்டில் வரும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்தது என்பதும் அறிஞர் பலருடைய அபிப்பிராயம். கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கத்தில் ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாமும், மலைவாணர் இடும் தினைச்சோற்றையும் மூங்கிலில் முதிர்ந்த தேன்கள்ளையும் வழிநடைக்காரருக்கு நம்பிக்கையாகச் சொல்லி அனுப்புகிறது. ஆகவே, போகிற ஊரின் உணவையும் பானத்தையும் அறிந்துகொண்டு போவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஆனால் அந்தப் பாட்டுகளில் இரண்டு நிபந்தனைகள் சொல்லாமலே அடங்கியிருக்கின்றன: குடிக்கக் கொடுக்கிறவர் குடிக்கிறவரின் எதிரே நிற்கிறார், குடித்தவர் தம் கால்களால் நடந்து போகிறார். இன்றைய வழக்கத்தை எடைபோட இவ்விரண்டையும் விடச் சிறந்த அளவுகோல் தேடவேண்டியதில்லை.

உணவின் பக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டால், இவ்வழக்கம் ஏறக்குறைய முழுப் புகழ்ச்சிக்கும் உரியதாகவே தோன்றுகிறது. நெடுஞ்சாலை அகலமாக அகலமாக அதன் ஓரத்து உணவு ஒரே அச்சில் வார்த்ததாகி விட்டது. சென்னையிலிருந்து தெற்கே போகும் சாலையில், கும்பகோணத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் முன்பிருந்தே வரிசையாகக் கும்பகோணம் டிகிரி காபிப் பலகைகள் நிற்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பித்தளை டபராவைக் காட்டிவிட்டால் ஊரைக் காட்டிவிட்டதாக எண்ணுகிற அந்த வியாபார தந்திரத்துக்கு எதிராக, புறவழிச்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் இலை போட்டு உட்காருகிற குடும்பம் ஒரு நல்ல காரியத்தைச் செய்கிறது; அது கொடுக்கிற பணம் அந்த ஊரிலேயே தங்குகிறது; அதன் குழந்தைகள், சாம்பாரும் ஊருக்கு ஊர் மாறும் என்கிற உண்மையை நாவினாலே கற்றுக்கொள்கிறார்கள்.

கல்வராயன் மலையில் இந்த நன்மைக்கு இன்னும் ஆழமான பொருள் உண்டு. வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் சேலம் மாவட்டப் பக்கத்துக் கருமந்துறையிலும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி முதலியவற்றைப் பயிரிட்டும், கடுக்காய், தேன், புளி ஆகியவற்றைச் சேகரித்தும் ஜீவிக்கிறவர்கள். இந்த மலை 1976-ஆம் ஆண்டு வரையில் மூன்று ஜாகீர்தாரர்களின் ஆதிக்கத்தில் இருந்து, சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகே அரசின் நேர் நிர்வாகத்துக்குள் வந்தது; கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பின்னர், இம்மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது என்பதே அந்தத் தாமதத்தின் விளைவைக் காட்டும். இப்படிப்பட்ட இடத்தில் பிரயாணிகள் சாமைச் சோற்றைக் கேட்டு உண்பதும், தேனையும் கடுக்காயையும் உரிய விலை கொடுத்து வாங்குவதும் வெறும் நாச்சுவை ஆகாமல், ஒரு சிறு பொருளாதார உபகாரமாகவும் அமைகின்றன. ஆனால் இங்கும் ஒரு குறை உண்டு: சாமை விளைகிற மலையிலேயே சாப்பாட்டுக் கடைக்குள் புகுந்தால் இலையில் விழுவது பெரும்பாலும் சமவெளியிலிருந்து ஏறி வந்த அரிசிச் சோறுதான். உமி நீக்கி, கல் அரித்து, பதம் பார்த்துச் சமைக்கவேண்டிய சிறுதானியத்தை, யார் கேட்பார்கள் என்று தெரியாமல் எந்தக் கடைக்காரரும் ஆக்கி வைக்க மாட்டார். முதல் நாளே சொல்லி வைத்துக் காத்திருக்கும் பொறுமை இல்லாதவருக்கு மலையின் உணவு அகப்படாது.

இனி, பானத்தின் பக்கம். பெரிய ஆலைகளின் ஒரே மாதிரிப் பீரில் சலிப்புற்ற பிரிட்டிஷ் குடிமக்கள் 1971-இல் தொடங்கிய இயக்கமும், வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்வதை 1978-இல் அனுமதித்த அமெரிக்கச் சட்டமும் சேர்ந்து வளர்த்த சிற்றாலைக் கலை, பின்னர் புனே, பெங்களூர் முதலிய நகரங்கள் வழியாக நம் நாட்டில் கால் வைத்தது. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து அதன் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஆறியபின் ஈஸ்டைக் கலந்து புளிக்க வைக்கிற இந்த வேலையை, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வாடிக்கைக்காரர் பார்க்கும்படியாகவே சிற்றாலைக்காரர்கள் செய்கிறார்கள். எதனால் ஆனது, என்று காய்ச்சியது, ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் பலகையில் எழுதப்பட்டிருக்கின்றன; காய்ச்சியவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கவும் முடிகிறது. எயிற்பட்டினத்துப் பரதவர் தம் விருந்தினர் எதிரே நின்றதுபோலவே இவரும் நிற்கிறார் என்ற அளவில், ஆற்றுப்படையின் முதல் நிபந்தனையை இந்தச் சிற்றாலை நிறைவேற்றுகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அளவாகவும் நிதானமாகவும் பருகுவதை அது ஊக்குகிறது என்ற வாதத்திலும் ஓரளவு உண்மை உண்டு.

இரண்டாம் நிபந்தனையிலோ இவ்வழக்கம் அப்பட்டமாகத் தோற்றுப் போகிறது. பாணன் நடந்தான்; இந்தக் குடும்பம் காரில் போகிறது; காரை ஒருவர் ஓட்டவேண்டும். நூறு மில்லிலிட்டர் பிடிக்கும் சிறு கிண்ணத்தை மனம் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. ஆனால் ஆறு கிண்ணம் சேர்ந்தால் கடைகளில் விற்கும் 650 மில்லிலிட்டர் பெரிய பாட்டிலுக்கு ஏறக்குறைய சமானம். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. முதல் முறைக்கே ஆறு மாதச் சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில்தான், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்து, சிற்றூர்களுக்கு அத்தூரத்தை அடுத்த ஆண்டு 220 மீட்டராகக் குறைத்தது. சாலையையும் மதுவையும் பிரித்து வைக்க ஒரு தேசம் இவ்வளவு பாடுபடுகையில், இரண்டையும் ஒரே பிரயாணத் திட்டத்தில் இணைப்பதை ரசனை என்று சொல்லிக்கொள்வது பொருந்தாது.

குடும்பப் பிரயாணம் என்ற பெயரும் இங்கே சந்தேகத்துக்கு இடமாகிறது. நான்கு பேர் கொண்ட நம் குடும்பத்தில் பெரும்பாலும் ருசி பார்க்கிறவர் ஒருவர், காத்திருக்கிறவர்கள் மூவர். அந்த ஒருவரின் ஒன்றரை மணி நேரத்து ஆராய்ச்சி, பக்கத்து மேஜையில் உருளைக்கிழங்கு வறுவலைக் கிளறிக்கொண்டிருக்கும் குழந்தைக்குச் சொல்லித் தருகிற பாடம் எதுவென்று யாரும் நின்று யோசிப்பதில்லை. எவ்வளவு குறைந்த அளவானாலும் மது உடம்புக்குக் கேடற்றது என்று சொல்ல முடியாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் அறிவித்திருப்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

மூன்றாவதாக, உள்ளூர்த் தன்மை என்ற உரிமையைப் பரிசோதிப்போம். பெங்களூரில் சிலர் கேழ்வரகையும் மாம்பழத்தையும் சேர்க்கிறார்கள் என்பது மெய்யே. ஆயினும் ஹாப்ஸ் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. பார்லி வடநாட்டு வயலில் விளைவது. காய்ச்சும் முறை ஐரோப்பியருடையது. உண்மையில் இந்தப் பாதையின் சொந்தப் பானம் பனையிலிருந்து இறங்குவது. கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை இருக்கிறது. அதே பாளையின் சாறு, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கி, புளிக்காமல் நின்றால் பதநீர், அதற்குத் தடையில்லை. விழுப்புரத்துச் சுற்றுப்புறத்தில் பருவ காலத்துக் காலை வேளைகளில், பனையோலைப் பட்டையில் நுங்கு போட்டுக் கொடுக்கிற பதநீரைக் கண்டும் காணாமல் கடந்துபோய், மாலையில் நகரத்துச் சிற்றாலையில் உள்ளூர்ச் சுவையைத் தேடுகிறவரின் தேட்டம் பரிதாபத்துக்குரியது.

இவையெல்லாவற்றுக்கும் மேலான ஆட்சேபத்தைக் கருணாபுரம் எழுப்புகிறது. அங்கே கூலி வேலை செய்து களைத்தவர்கள் பாக்கெட்டில் வாங்கிக் குடித்த சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. தொழிற்சாலைக் கரைப்பானாகப் பயன்படும் அந்தத் திரவத்தை, நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ சாதாரண ஆல்கஹாலிலிருந்து குடிக்கிறவர் பிரித்தறிவது அரிது. ஈரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பின்பு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் ரத்தத்தைக் கெடுத்துக் கண் நரம்பைத் தாக்குகிறது. அறிகுறிகள் தெரியப் பல மணி நேரம் ஆவதால், உயிரைக் காக்கக்கூடிய மாற்று மருந்துக்கும் ரத்தச் சுத்திகரிப்புக்கும் உரிய காலம் வீணாகிறது. அதற்கு ஓராண்டுக்கு முன், 2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்து மீனவர்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. கருணாபுரத்தில் வீழ்ந்தவர்களைப் புதுச்சேரி ஜிப்மருக்கும் சேலம் அரசு மருத்துவமனைக்கும் ஆம்புலன்சுகள் ஏற்றிச் சென்றன. சுவை தேடும் பிரயாணிகள் உல்லாசமாகப் போய்வருகிற அதே சாலை அது.

இதிலிருந்து பெறப்படுவது என்ன? ருசி பார்க்கும் கலை முழுவதும், நாக்கு நல்லதையும் தீயதையும் பகுத்தறியும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. பானத்தின் விஷயத்தில் அந்த நம்பிக்கை ஆதாரமற்றது. பெங்களூரில் ஆறு கிண்ணத்தைப் பரீட்சித்து எழுந்து போகிறவரைக் காப்பது அவருடைய தேர்ந்த நாக்கு அன்று. உரிமமும், அதிகாரிகளின் சோதனையும், கெட்டுப்போனால் கடையை மூடவேண்டிய முதலாளியின் பயமும், இவற்றுக்கெல்லாம் சேர்த்துக் கொடுக்கிற சில நூறு ரூபாய் விலையும்தான். அந்தப் பாதுகாப்பு கருணாபுரத்துக்கு எட்டவில்லை. ஆகையால், கல்வராயன் மலையேறிய நகரவாசிக்கு, வெல்லமும் மரப்பட்டையும் போட்ட ஊறலிலிருந்து வடித்த அசல் மலைச் சரக்கை ஒரு வாய் பார்த்தால் என்ன என்ற சபலம் தோன்றுமானால், அது ரசனையின் சிகரமன்று, அறியாமையின் அடிவாரம். தன் உயிரைப் பணயம் வைப்பதோடு, போலீசார் மாதந்தோறும் அழித்து அழித்தும் ஓயாத ஒரு வியாபாரத்துக்குப் புதிய வாடிக்கையைச் சேர்க்கிற குற்றமும் ஆகும்.

கள்ளுக்கும் சிற்றாலைகளுக்கும் தமிழ்நாட்டில் உரிமம் கொடுத்திருந்தால் கருணாபுரம் நேர்ந்திராது என்று வாதிப்போர் உண்டு. அவ்வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது: வெளிச்சத்தில் காய்ச்சுவது இருட்டில் காய்ச்சுவதைவிட நல்லது, தடை மாத்திரமே போதாது என்பதற்கு, 1937 அக்டோபரில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிய சேலம் மாவட்டத்திலும் பரந்து கிடக்கிற இந்த மலையே சாட்சி. மற்றப் பாதியை விலை அடித்துவிடுகிறது. டாஸ்மாக் கடையில் குவார்ட்டர் ஒன்று 140 ரூபாய்க்குக் குறையாமல் விற்றபோது, அதைக் கொடுக்க மாட்டாதவரே பாக்கெட்டைத் தேடினார். அவருக்கு முன்னூறு ரூபாய்ப் பீரைக் காட்டி என்ன பயன்? மலிவான கள்ளுக்காவது அந்த இடத்தை நிரப்பும் தகுதி ஒருவாறு உண்டு. ஆனால் கள்ளிலும் கலப்படம் நேர்வதுண்டு என்பதால், சோதனைக்காரரின் விழிப்பு இல்லாத இடத்தில் அதுவும் புகலாகாது. சாவுகளுக்குப் பின் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கியது அவசியமே. எனினும் கருணாபுரம் நகரத்தின் நடுவிலேயே இருந்தது என்பதையும், அங்கே குறைந்திருந்தது சட்டத்தின் வாசகம் அன்று, அதை நடத்தும் மனிதரின் நேர்மையே என்பதையும் மறக்கலாகாது.

ஆக, தீர்ப்பைப் பிரித்தே சொல்லவேண்டும். ஊர் ஊராக இறங்கி உண்பது வளர்க்கத்தக்க நல்வழக்கம். அதற்கு வேண்டியது பொறுமையும், உரிய விலை கொடுக்கும் மனமுந்தான். சிற்றாலைப் பீரைச் சுவைப்பது, இரவு தங்குகிற ஊரில், வயது வந்தவர்கள், காரின் சாவியைத் தொடாமல் நடந்து திரும்பக்கூடிய தூரத்தில் செய்துகொள்கிற தனி விவகாரமாக இருக்கலாம். குடும்பப் பிரயாணத்தின் நோக்கமாக அதை உயர்த்த இடமில்லை. மலைச் சாராயத்தை நாடுவதற்கோ எந்த நியாயமும் இல்லை. இந்த வழியாகப் போகிற வாசகர்கள் கள்ளக்குறிச்சியைப் புறவழிச்சாலையால் சுற்றிக்கொண்டு போகாமல், ஊருக்குள் இறங்கி ஒருவேளை உண்ணுங்கள். மலையேறினால் முதல் நாளே சொல்லிச் சாமைச் சோறு ஆக்கச் சொல்லுங்கள். கேட்கிறவர் இருந்தால்தான் அது கடையில் வேகும்.