மலையகத்தின் ஆண்டுக் கணக்கு

2023ஆம் ஆண்டை மலையகத் தமிழ் மக்கள் தம் வரலாற்றின் இருநூறாவது ஆண்டாக நினைவுகூர்ந்தனர். கூட்டங்கள் நடந்தன, மலர்கள் வெளிவந்தன, கவியரங்குகள் கூடின. அவ்வாண்டு ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம், முன்னோர் காட்டு வழியே நடந்து வந்த திசையில் சென்று, ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. காணி, வீடு, ஊதியம், மொழி ஆகிய உரிமைகள் அந்த வழியெங்கும் பேசப்பட்டன. மகிழத்தக்க நிகழ்ச்சிகள் இவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு மக்கட் கூட்டம் தன் ஆண்டைக் கொண்டாடும்போது, அந்த ஆண்டு யாருடைய ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்பது விமரிசனத்தின் கடமையாகும்.

இருநூறு ஆண்டு என்னும் கணக்கு 1823இலிருந்து தொடங்குகிறது. கண்டிக்குத் தெற்கே, கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் திறந்த காலம் அது. ஆக, தோட்ட முதலாளி நிலத்தைத் திருத்திய நாளே, அதில் உழைத்த மக்களின் பிறந்த நாளாகவும் கொள்ளப்பட்டுள்ளது. துரையின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. கன்று நட்ட கைகளுக்குப் பெயர் இல்லை. குற்றம் காண்பதற்காக நாம் இதைக் கூறவில்லை. வேறு ஆண்டுக் கணக்கு ஒன்றை நம் எழுத்து இன்னும் உருவாக்கித் தரவில்லை என்பதைச் சுட்டவே கூறுகிறோம்.

உலகில் ஆட்சியதிகாரம் இல்லாத சிறிய இனங்கள் தம் ஆண்டை எவ்வாறு காத்தன? பிரித்தானியாவின் மேற்கே உள்ள வேல்ஸ் மக்களை எண்ணிப் பார்க்கலாம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் ஆடு மேய்ப்போரும் மிகுந்த அந்நாட்டில், 1861 முதல் ஐஸ்டெத்வொட் என்னும் தேசிய இலக்கியப் பெருவிழா ஊர்விட்டு ஊர் மாறி நடந்து வருகிறது. சிறந்த கவிஞனுக்கு அவ்விழாவில் ஒரு நாற்காலி வழங்குவார்கள். 1917இல் வென்றவன் ஹெத் வின் என்ற மலைப்புறத்து உழவன். முடிவு அறிவிக்கப்பட்டபோது அவன் போர்க்களத்தில் மாண்டிருந்தான். வெற்று நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். அந்த விழாவை இன்றும் ‘கறுப்பு நாற்காலி’ என்றே அம்மக்கள் குறிக்கின்றனர். பேரரசின் போர்க்கணக்கில் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்க வேண்டிய ஒரு சாவு, மக்கள் கணக்கில் ஓர் ஆண்டின் பெயராயிற்று. மலையக மக்களின் ஆண்டுகளுக்கு அவ்வாறு பெயரிட்ட இலக்கியம் நம்மிடம் உண்டா?

மலையகத்தைப் பாடிய பழைய அச்சு நூல்களில் ஒன்று, ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. 1869இல் வெளிவந்தது. கும்மி மக்களுடைய வடிவம். ஆனால் நூலின் பார்வை தோட்ட நிருவாகத்தின் பார்வை. கோப்பி செழிக்க வேண்டும், கூலிகள் ஒழுங்காக உழைக்க வேண்டும் என்பதே அதன் கவலை. அதில் ஓர் ஆண்டு முழுமையும் வருகிறது என்று கொண்டாலும், அது பயிரின் ஆண்டேயன்றி மனிதரின் ஆண்டன்று.

இதற்கு நேர்மாறானவை நாட்டுப் பாடல்கள். ஸி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளியான ‘மலைநாட்டு மக்கள் பாடல்க’ளில் கங்காணியின் கொடுமையும், கடனும், கடந்து வந்த வழியும், தாலாட்டும் மக்களின் குரலிலேயே ஒலிக்கின்றன. ஆங்கே மனிதர் உண்டு, தேதி இல்லை. கோப்பி ஏட்டில் தேதி உண்டு, மனிதர் இல்லை. இவ்விரண்டையும் இணைப்பதே பின்வந்த எழுத்தாளருக்கு விடப்பட்ட பணி.

அப்பணியில் முதலடி வைத்தவரும் ஸி. வி.யே. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற எழுவருள் ஒருவர் அவர். மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1949இன் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் பறித்தது. அதன்பின் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தீ அ. பால ஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என 1969இல் தமிழாக்கினார். விடியற்காலைப் பிரட்டும், கொழுந்துக் கூடையும், மாலை நேரத்து லயமும் அதில் கலையாகின்றன. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கொழுந்தின் நிறையைச் சுற்றி ஒரு பெண்ணின் தன்மானத்தை நிறுத்துகிறது. இரக்கத்தை அவள் கேட்பதில்லை. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் எழுப்பிய தேசிய இலக்கியக் குரலும் மலையக எழுத்துக்கு ஊக்கம் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும், இப்படைப்புகளின் காலஅளவு பெரும்பாலும் ஒரு நாளே. காலையில் தப்பு முழங்குகிறது, மாலையில் கொழுந்து நிறுக்கப்படுகிறது, கதை முடிகிறது. உழைப்பின் நாள் வந்துவிட்டது. மக்களின் ஆண்டு வரவில்லை. நாளை மட்டும் எழுதினால் நுகத்தடியில் பூட்டிய உழைப்பாளிதான் தெரிவான். ஆண்டை எழுதும்போதுதான் அவன் ஒரு மக்கட் சமூகத்தின் உறுப்பினனாகத் தெரிவான். தேசிய வாழ்வு என்பது பாராளுமன்றத்தில் மட்டும் நிகழ்வதன்று. ஆண்டுதோறும் ஒன்றாகக் கூடி எதை நினைக்கிறோம், எதற்கு அழுகிறோம், எதை எதிர்பார்க்கிறோம் என்பதில் அது இருக்கிறது.

அந்த ஆண்டுக்குரிய பொருள் தோட்டங்களில் நிறைந்து கிடக்கிறது. தையில் பொங்கல். மாசியில் காமன் கூத்து: காமன் எரிகிறான், இரதி புலம்புகிறாள், அவன் மீண்டும் எழுகிறான். தோட்டமே மேடையாகும் அக்கூத்தில் அன்றைய கூலிக்காரனே தேவனும் ஆவான். மழையோடு கொழுந்து பெருகும் காலம் வரும். கவ்வாத்து வெட்டும் காலம் வரும். பின் தீபாவளி. அதற்குப் பெறும் முற்பணம் அடுத்தடுத்த மாதச் சம்பளங்களில் கழிக்கப்படுவதால், ஒரு நாள் மகிழ்ச்சி பல மாதக் கடனாகிறது. ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்தில் ‘பேர்’ என்று பெயர். குறித்த நிறை எடுக்காதவளுக்கு ‘அரைப்பேர்’. மனிதரின் பெயரே கூலியின் அளவாகிவிட்ட இச்சொல் ஒன்றே ஒரு நாவலுக்குப் போதிய கரு அன்றோ?

கண்டியிலிருந்து ஹேவாஹெட்டைப் பக்கம் செல்லும் மலைப்பகுதி இரண்டு ஆண்டுகளை நமக்குக் காட்டுகிறது. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். இதை நாட்டின் பாடநூல்கள் சொல்லும். அதே பகுதியில், முல்லோயாத் தோட்டத்தில், நாட்கூலியில் 16 சதம் உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருள் கோவிந்தன் என்பவன் 1940 ஜனவரி 10இல் பொலிஸ் குண்டுக்குப் பலியானான். அந்தப் பதினாறு சதம் எத்தனை பேருக்குத் தெரியும்? இவ்வழியிலுள்ள தலாத்துஓயாவில் பிறந்த கே. கணேஷ், கே. இராமநாதனுடன் சேர்ந்து 1946இல் ‘பாரதி’ என்ற முற்போக்கு ஏட்டை நடத்தினார் என்பதையும் இங்கு நினைவூட்டுகிறோம். மண்ணும் குருதியும் எழுத்தும் ஒரே வழியில் இருந்திருக்கின்றன. அவற்றை ஒரு நூலில் சேர்ப்பார் வேண்டும்.

கண்டிப் பகுதியின் இரண்டு அருங்காட்சியகங்களும் இதையே உணர்த்தும். அந்தானையில், 1925இல் கட்டிய தொழிற்சாலையில் 2001 முதல் இயங்கும் தேயிலை அருங்காட்சியகம் இயந்திரங்களையும் தொழில் முன்னோடிகளையும் போற்றுகிறது. கம்பளைக்கு அருகே, பழைய பீகொக் தோட்டத்து லயன் அறைகளில் 2007இல் அமைந்ததோ தொழிலாளரின் பாத்திரங்களையும் கருவிகளையும் ஏடுகளையும் காக்கிறது. நம் இலக்கியம் எந்தக் கட்டடத்தின் ஆண்டுக் கணக்கைப் பின்பற்றப் போகிறது?

தனி இனமாகப் பேசுவது வர்க்க ஒற்றுமையைப் பிளக்கும் என்று சில தோழர்கள் அஞ்சலாம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. முல்லோயாப் போராட்டத்திற்குச் சமசமாஜத் தலைவர்களும் துணைநின்றனர். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தனர். ஆனால் 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என ஒதுக்கியபோது, அவ்வாண்டு ஜூனிலேயே சமசமாஜக் கட்சி அரசாங்கத்தில் சேர்ந்திருந்தது. பங்கிடப்பட்டவர்களிடம் ஒருவரும் கருத்துக் கேட்கவில்லை. ஒரு மக்களை மக்களாகக் காணாமல் தொழிற்படையாக மட்டும் கண்டதன் விளைவு இது. வர்க்க உணர்வு உடையோர் கூட, ‘இவர்களுக்கென ஓர் ஆண்டு உண்டு’ என்பதை அறியாவிடின் எண்களோடு சமாதானமாகிவிடுவார்கள்.

பெயரின் அவலம் இங்கேதான் முற்றுகிறது. 1911 முதல் குடிசன மதிப்பீடு அவர்களை ‘இந்தியத் தமிழர்’ என்றது. ‘கண்டிச் சீமை’க்குப் பிழைக்கப் போனோரின் பேரர்கள் தமிழகம் திரும்பியபோது, அங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர். இரு கரையிலும் மறு கரையின் பெயரே கிடைத்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க வழிசெய்தது. ஆனால் 1948க்கும் 2003க்கும் இடைப்பட்ட 55 ஆண்டுகளைச் சட்டம் திருப்பித் தராது. அவ்வாண்டுகளை மீட்கக்கூடியது நினைவும் எழுத்துமே.

இருநூற்றாண்டு மலர்களுள் பலவற்றில் கண்ணீர் மிகுந்திருந்தது. கண்ணீர் பொய்யன்று, ஆனால் அது கேட்போரின் இரக்கத்தோடு நின்றுவிடும். நமக்கு வேண்டியது இரதியின் புலம்பலோடு, காமன் எழும் காட்சியும் உள்ள எழுத்து. தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும், தத்தம் தோட்டத்து முதியோரிடம் ஓராண்டின் நிகழ்ச்சிகளையேனும் கேட்டு எழுதி வைக்கலாம்: எந்த ஆண்டு வேலைநிறுத்தம், எந்த ஆண்டு யார் கப்பலேறினர், எந்த ஆண்டு கூத்து நின்றது, யார் மீண்டும் தொடங்கினர். அக்குறிப்புகளிலிருந்தே நாளைய நாவலாசிரியன் பிறப்பான். ஜோர்ஜ் பேர்டின் 1823க்கு அருகே கோவிந்தனின் 1940உம் ஒவ்வொரு மாணவனுக்கும் தெரிந்த ஆண்டாக வேண்டும். அதைச் செய்யும் படைப்பையே மலையகத்தின் தேசிய இலக்கியம் என நாம் வரவேற்போம்.