ஜோர்ஜிய இல்லமும் லயக் காம்பராவும்

கட்டடக்கலை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தூண், சாளரம், விதானம் என்பவற்றின் அழகமைதியோடு நின்றுவிடுவர். வீடு எவருடைய உழைப்பின் உபரியில் எழுந்தது என்னும் வினா கலைக்குப் புறம்பானதாகவே கருதப்பட்டு வந்துள்ளது. இலக்கியத்தின் உருவம், உள்ளடக்கம் பற்றி நம்மிடையே நிகழ்ந்த விவாதம் கட்டடத்துக்கும் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் இன்று அரும்பொருட் காட்சியகமாகப் பேணப்படும் ஜோர்ஜிய இல்லம் இதற்குத் தக்க சான்றாகும். 1790 அளவிற் கட்டி முடிக்கப்பட்ட அவ்வீட்டின் முகப்பில் அளவொத்த சாளரங்கள் நிரை பிசகாது அமைந்துள்ளன. 1714 முதல் 1830 வரை நான்கு ஜோர்ஜ் மன்னர் ஆண்ட காலத்து நகர இல்லங்களின் தலையாய பண்பு இச்சமச்சீரேயாகும். அறிவொழுங்கின் வெளிப்பாடு என அது போற்றப்படுவதுண்டு. ஆயின் அவ்வீட்டின் சமையற்கூடம் நிலக்கீழ்த் தளத்தில் உள்ளது. முகப்பின் ஒழுங்கு குலையாதிருக்க வேண்டுமாயின், உழைப்பு கண்ணிற்படாதிருத்தல் வேண்டும்.

மறைக்கப்பட்டது சமையல் மட்டுமன்று. வீட்டுக்குரிய ஜோன் பின்னி, கரிபியத் தீவான நெவிஸிற் கரும்புத் தோட்டமும் அடிமைகளும் உடையவர். அங்கிருந்து அவர் அழைத்துவந்த பேரோ என்னும் அடிமைப் பணியாளரின் பெயரை அந்நகரப் பாலமொன்று பெற்றது 1999இலேயே. பிறிஸ்டலில் வீடும் நெவிஸில் தோட்டமுமாக, இடையே ஒரு சமுத்திரம் கிடந்தமையாற் சுரண்டலின் சுவடு படியாத அழகாக அம்முகப்பு தோன்ற முடிந்தது.

நமது மலையகத்தில் அவ்வாறு மறைக்க இடமிருக்கவில்லை. ஜோர்ஜிய யுகத்தின் இறுதியாண்டுகளில் இலங்கையை ஆண்ட தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ், 1825இற் கன்னொறுவையிற் கோப்பித் தோட்டம் திறந்தார். நுவரெலியாவில் அவர் அமைத்த மாளிகையே பின்னர் கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. கோப்பி அழிந்து தேயிலை பரவியபின், இராகலை போன்ற தோட்டப் பகுதிகளில் துரை பங்களாவும் லயமும் ஒரே மலையிற் பார்வைத் தூரத்தில் எழுந்தன. பங்களாக்களின் பாணி ஜோர்ஜியமன்று. ஆயினும் எசமானின் வெளியையும் ஏவலரின் வெளியையும் பிரிக்கும் நியதி அதுவே. பிறிஸ்டலிற் கடல் செய்த பணியை இங்கு மேடும் பள்ளமும் செய்தன.

லயமும் ஒரு வகையிற் சமச்சீரானதே என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரே கூரை, ஒரே அளவான கதவுகள், ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பராக்கள், முன்னே குறுகிய இஸ்தோப்பு. ஜோர்ஜிய வீட்டின் ஒழுங்கு வாழ்வோனின் மதிப்பை உயர்த்துகிறது. லயத்தின் ஒழுங்கு வாழ்வோரைப் பேர்க்கணக்காக்குகிறது. முன்னையது கலை எனவும் பின்னையது வெறும் குடியிருப்பு எனவும் வகுக்கப்படுவது வடிவத்தாலன்று, வர்க்க நோக்கினாலேயாகும்.

இதனால் ஜோர்ஜிய இல்லத்தின் அழகைப் பொய்யெனத் தள்ளுதல் கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். கல் தச்சனின் கைத்திறனும் உழைப்பே. அவ்வாறே லயத்தை அவலச் சின்னமாக மட்டும் காண்பதும் குறைநோக்காகும். காமன்கூத்தின் ஒத்திகையும் தொழிற்சங்கத்தின் முதற்பேச்சும் லயத்து முற்றங்களில் எழுந்தன.

ஆயினும் சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ எனவும், தி. ஞானசேகரன் தம்முடையதற்கு ‘லயத்துச் சிறைகள்’ எனவும் பெயரிட்டமை தற்செயலன்று. வேலை போனாற் காம்பராவும் போகும் என்ற நிலையில், அது வீடன்று. கூலியின் ஒரு கூறே. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தமும், 1992இல் தோட்ட நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றமையும் இவ்வடிப்படையை முற்றாக மாற்றவில்லை. தனிவீடுகள் சில எழுந்துள்ளன. லயங்கள் இன்னும் நிற்கின்றன. பங்களாக்கள் சிலவோ உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகப் புதுப்பிக்கப்பட்டு ‘மரபுரிமை’ என விற்கப்படுகின்றன.

பங்களாவைப் பேணுவோர் லயத்தின் வரலாற்றையும் அதனோடு எழுதுதல் வேண்டும். லயத்தில் வாழ்வோருக்கோ வேண்டுவது வரலாறு மட்டுமன்று. உறுதியோடு கூடிய காணியும் வீடுமாகும். அழகியல் இவ்விரு கோரிக்கைகளையும் ஒருங்கே ஏற்கும்போதுதான் கட்டடக்கலை விமர்சனம் முழுமையுறும்.