கனத்த இசையின் சம்பிரதாயங்களும் ஆல்பத்தின் லட்சணமும்

ஹெவி மெட்டல் பள்ளிகளைப் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று நம் மன்றத்தின் தலைவரும் மூத்த அங்கத்தினர்களும் பணித்தபோது, அவர்களுடைய வாக்கைத் தட்ட மனம் வராமல் இதனை எழுதத் துணிந்தேன். கொல்லிமலைக்கு இவ்விசை அந்நியமானது என்று கருதுவோர், முழவும் யாழும் பதலையும், யானையின் துதிக்கையை ஒத்த தூம்பும் ஒருங்கே முழங்க, இம்மலையின் தலைவன் வல்வில் ஓரியைப் பாணர் கூட்டம் வாழ்த்தியதை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருப்பதை நினைவுகூர வேண்டுகிறேன். பேரொலியை உபசரித்த மலை இது.

பர்மிங்காம் மூலவர்கள், பே ஏரியாவின் த்ராஷ் கிளை, ஃப்ளோரிடாவின் டெத் மெட்டல், நார்வேயின் பிளாக் மெட்டல் ஆகியவற்றின் வம்சாவளியை அன்பர்கள் நன்கு அறிவார்கள். நம் தேசத்திலோ, மில்லெனியம் குழுவினர் வித்திட்ட பெங்களூர்ப் பள்ளி, இரட்டைக் கிதார் சம்பிரதாயத்தைச் சிரத்தையோடு போற்றும் கிரிப்டோஸால் தழைத்தது. பம்பாய்ப் பள்ளியின் டீமானிக் ரெசரெக்ஷன் 2017இல் பத்து அவதாரங்களையும் ‘தசாவதார்’ என்னும் ஒரே ஆல்பத்தில் அமைத்தது. தில்லியின் பிளட்டிவுட் 2022இல் ‘ரக்ஷக்’ வாயிலாக நாட்டுப்புற வாத்தியங்களை உலக மேடைக்கு ஏற்றியது. இவை யாவும் வணக்கத்துக்குரியவை.

ஆயினும் நான் விஸ்தாரமாகச் சொல்லக் கடமைப்பட்டது எங்கள் பள்ளியைப் பற்றியே. இம்மலையின் செம்மேட்டில் எங்களை அமர்த்தி எங்கள் ஆசிரியர் பாடம் சொன்னது சிங்கப்பூரின் ‘ருத்ரா’ குழுவின் தட்டுகளைக் கொண்டுதான். 1992இல் தோன்றி, 1998இல் தன் பெயரையே சூட்டிய முதல் ஆல்பத்தை வெளியிட்ட அக்குழு, கதிரின் உறுமும் குரலில் வேதாந்த விசாரத்தை டெத் மெட்டலின் உக்கிரத்தோடு பிணைத்து, ‘வேதிக் மெட்டல்’ என்னும் தனிச் சம்பிரதாயத்தை ஸ்தாபித்தது. அதன் சிகரம் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ‘பிரம்மவித்யா’ வரிசை. ஒரு பொருளை மூன்று ஆல்பங்களில், ஆண்டுக்கணக்கில் காத்திருந்து விரிக்கும் அந்தப் பொறுமையே எங்கள் ஆசிரியர் கற்பித்த முதற்பாடம். ரிஃப் என்பது ஒலிச்சிதைவை நீக்கி வெறுங்கிதாரில் வாசித்தாலும் உருக்குலையாமல் நிற்க வேண்டும், உறுமலிலும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும், பாடல்களின் வரிசை மாற்ற இயலாததாக அமைய வேண்டும் என்ற மூன்று லட்சணங்களை அவர் வகுத்துத் தந்தார். கடைசிப் பாடல் ஓயும்வரை எவரும் வாய் திறக்கலாகாது என்பது அவர் கட்டளை.

இக்கால வழக்கத்தைக் காணும்போது மனம் வருந்துகிறது. எவரையும் சுட்டிச் சொல்வது என் நோக்கமன்று. இளைஞரிடம் ஆற்றல் இல்லை என்பதும் என் பக்ஷமன்று. ஆனால் கைகளால் அடிக்க இயலாத தாளத்தைக் கணினியில் அடுக்குவதும், பிழையான இடத்தை வெட்டி ஒட்டிச் சீர்செய்வதும், வெளியீட்டு நாளுக்கு முன்பே பாதிப் பாடல்களைத் தனித்தனியாக உதிர்த்துவிடுவதும் சிலரிடம் வழக்கமாகிவிட்டன. பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவாகி 1970 பிப்ரவரி 13இல் வெளிவந்ததென்றால், அதற்கு முன் மேடைதோறும் அவர்கள் செய்த அப்பியாசமன்றோ காரணம்? ஒலியின் ஏற்ற இறக்கத்தை நசுக்கி எல்லாவற்றையும் ஒரே உச்சத்தில் நிறுத்தும் வழக்கமோ கொடிதினும் கொடிது; 2008இல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ அவ்வாறு வந்தபோது ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். இன்றோ முணுமுணுப்பவரும் இல்லை. மௌனத்தின் அருமை தெரியாத செவிக்கு முழக்கத்தின் அருமை எங்ஙனம் தெரியும்? இதனால் நலிவது ஓர் இசை வகை மட்டுமன்று. முழுமையாகக் கேட்கும் பண்பும், குருவை மதிக்கும் பண்பும், ஏன், ஒரு காரியத்தைத் தொடங்கி முடிக்கும் திடசித்தமும் கூடவே நலிகின்றன.

ஆகையால் மன்றத்தாருக்கு ஒரு விண்ணப்பம். கூட்டந்தோறும் ஓர் ஆல்பத்தையேனும் பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆதியோடந்தமாகக் கேட்க வேண்டும். நம் இளைஞர் குழு எதுவாயினும், தன் ஆல்பம் முழுவதையும் பெரியோர் முன்னிலையில் ஒரே மூச்சில் வாசித்துக் காட்டிய பின்னரே அதனை வெளியிட வேண்டும். இவ்விரண்டு விதிகளையும் மன்றம் இவ்வாண்டே ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.