எண்ணெயின் கடைசிப் படி

கொழுப்பமிலங்கள் இரண்டு ஏறி நிற்கும் கிளிசராலின் மேல் மூன்றாவதை ஏற்றினால் எண்ணெய் மூலக்கூறு பிறக்கிறது. இந்தக் கடைசிப் படியைச் செய்யும் நொதிகளில் முதன்மையானது டிஜிஏடி. ஆமணக்கு விதையிலும் குளத்துப் பாசியிலும் வினை இதுவே. உயிரி டீசலுக்காக இவ்விரண்டையும் ஒப்பிடும் ஆய்வுகளைப் படிக்கும்போது, வினை ஒன்றாக இருந்தும் விளைவு ஏன் இவ்வளவு மாறுகிறது என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப எழுகிறது.

பாசியில் முதல் அடி வேறொரு நொதியில் விழுந்தது. அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நீர்வாழ் உயிரினத் திட்டம் ஒன்றை நடத்தியது. அதன் கடைசி ஆண்டுகளில், கொழுப்பமில உற்பத்தியின் தொடக்கப் படியைச் செய்யும் அசிடைல்-கோஏ கார்பாக்சிலேஸ் நொதியின் மரபணுவை சைக்ளோடெல்லா என்ற டயட்டம் வகைப் பாசியில் கூடுதலாகச் சேர்த்தார்கள். நொதியின் செயல்பாடு இரண்டு, மூன்று மடங்கு உயர்ந்தது. எண்ணெய் உயரவில்லை.

அதன் பிறகு பலருடைய கவனமும் கடைசிப் படிக்குத் திரும்பியது. தாவரங்களில் அதற்கு நல்ல பலன் கிடைத்தது. 2008-இல் மக்காச்சோளத்தில் கண்டது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. டிஜிஏடி-யின் ஒரு வகையான டிஜிஏடி-1 நொதியில் 469-ஆம் இடத்தில் ஒரே ஒரு பினைல்அலனின் இருப்பதும் இல்லாததும் எண்ணெயின் அளவைத் தீர்மானிக்கிறது. அது உள்ள வடிவம் எண்ணெயை 41 விழுக்காடு வரை கூட்டியது. அதுவே பழைய, மூதாதை வடிவம். மனிதர் பயிராக்கித் தேர்ந்தெடுத்த வழியில் எங்கோ அதை இழந்திருக்கிறோம்.

இன்னொரு வகையான டிஜிஏடி-2, ஆமணக்கில் இன்னொரு பாடம் தருகிறது. ஆமணக்கு எண்ணெயில் ஏறக்குறைய 90 விழுக்காடு ரிசினோலியிக் அமிலம். அந்த அமிலத்தை உண்டாக்கும் மரபணுவை மட்டும் அராபிடாப்சிஸ் செடிக்குக் கொடுத்தால் விதை எண்ணெயில் அது 17 விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது. ஆமணக்கின் டிஜிஏடி-2-ஐயும் சேர்த்தபோது 30 விழுக்காட்டை நெருங்கியது. எந்தக் கொழுப்பமிலத்தை ஏற்றுவது என்பதில் இந்த நொதிக்குத் தனி விருப்பம் உண்டு. டிஜிஏடி-1-உம் டிஜிஏடி-2-உம் பெயரளவில்தான் உறவினர். பரிணாமத்தில் வெவ்வேறு வழியில் வந்து ஒரே வேலையைக் கற்றுக்கொண்டவை. இவை போதாதென்று, 2006-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் நிலக்கடலையில் சவ்வில் ஒட்டாமல் செல் நீர்மத்தில் கரைந்திருக்கும் மூன்றாவது வகையைக் கண்டறிந்தார்கள்.

பாசிக்கு வருவோம். கிளாமிடோமோனாஸ் என்ற பாசியில் டிஜிஏடி-1 ஒன்று, டிஜிஏடி-2 வகையில் ஐந்து. அராபிடாப்சிஸில் இரண்டாம் வகை ஒன்றே ஒன்று. நொதிக்குப் பஞ்சமில்லாத இந்தப் பாசி, நைட்ரஜன் கிடைக்காமல் வளர்ச்சி நின்ற பிறகுதான் எண்ணெயைக் குவிக்கிறது. அப்போது பசுங்கணிகச் சவ்வின் கொழுப்புகளைக்கூடப் பிரித்து எண்ணெயாக மாற்றிக்கொள்கிறது. விதை தன் அடுத்த தலைமுறைக்காகச் சேர்க்கிறது. பாசி நெருக்கடியைக் கடக்கச் சேர்க்கிறது. எரிபொருள் கணக்கு இடறுவது இங்கேதான்: வளரும் பாசியில் எண்ணெய் குறைவு, எண்ணெய் நிறைந்த பாசி வளர்வதில்லை.

2012-இல் கிளாமிடோமோனாஸில் அதன் டிஜிஏடி-2 மரபணுக்களையே மிகையாக இயக்கிப் பார்த்தார்கள். எண்ணெய் கூடவில்லை. மறு ஆண்டே அந்தப் பாசியின் டிஜிஏடி-2 ஒன்றை அராபிடாப்சிஸில் வைத்தபோது இலைகளில் எண்ணெய் சேர்ந்தது. சொந்த வீட்டில் பலிக்காதது அயல் வீட்டில் பலித்தது. நொதியின் திறமையைவிட, அது வேலை செய்யும் செல்லின் கட்டுப்பாடுதான் பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் படித்ததில்லை.

இதைச் செயலில் காட்டிய ஆய்வுகள் இரண்டு. 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், எண்ணெய் உற்பத்தியை முடுக்கும் ஒரு மரபணு, டிஜிஏடி-1, எண்ணெய்த் துளியைக் காக்கும் எள்ளின் ஓலியோசின் புரதம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் புகையிலை இலையின் உலர் எடையில் 15 விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய் எடுத்தார்கள். 2017-இல் எக்சான் எண்ணெய் நிறுவனத்தின் நிதியுதவியுடன் நானோகுளோராப்சிஸ் பாசியில் ஒரு கட்டுப்பாட்டு மரபணுவைத் தணித்தபோது, வளர்ச்சி பெரிதும் குன்றாமலே எண்ணெய் இரட்டிப்பானது. ஆனாலும் 2023-இல் அந்த நிறுவனம் பாசி முயற்சியிலிருந்து விலகிய செய்தி வெளிவந்தது.

ஆகவே நொதிகளின் வரிசையை மட்டும் அட்டவணையிட்டு ஒப்பிடும் ஆய்வுகளால் எரிபொருள் கிடைக்காது. இத்துறைக்கு வரும் மாணவர்கள் டிஜிஏடி-யோடு அதை எப்போது இயக்குவது என்று முடிவுசெய்யும் மரபணுக்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். பாசியில் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி இன்னும் அங்கேதான் இருக்கிறது.