பத்தாயிரத்தில் நாற்பத்தைந்து

1045 எஃகின் பண்பு அட்டவணையில் என் கண் முதலில் போய் நிற்பது, ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் இரண்டு வரிகளில். சூட்டில் உருட்டிய கம்பி முதல் வரி. 310 மெகாபாஸ்கல் வரை இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். அதைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான். அறுபடுவதற்கு முன் தாங்கும் உச்சம் 565. அடுத்த வரி, அதே கம்பியைச் சூடேற்றாமல் அச்சுத்துளை வழியாக இழுத்தெடுத்தது. முதல் எண் 530-க்குத் தாவிவிடுகிறது. உச்சமோ 625-க்கு மேல் நகர மறுக்கிறது.

புதிதாக எதுவும் சேரவில்லை, எதுவும் கழியவும் இல்லை. அணு வரிசைகளில் இருந்த பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர இடமில்லாமல் நின்றுவிட்டன, அவ்வளவுதான். அதற்கான விலையும் அதே வரியிலேயே இருக்கிறது. அறுவதற்குள் 16 சதவீதம் நீளக்கூடிய கம்பி இப்போது 12 சதவீதம்தான் நீளும். விற்பவர்கள் 530-ஐப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு முதல் வரியின் இடைவெளிதான் பெரிது. 310-க்கும் 565-க்கும் நடுவே இந்த எஃகு வளைந்தும் நீண்டும் ஆபத்தைக் கண்ணுக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது.

இத்தனை எண்கள் ஏறி இறங்கும்போது ஒன்று மட்டும் அசைவதே இல்லை: விறைப்பு. ஏறக்குறைய 205 கிகாபாஸ்கல். உருட்டினாலும் அதேதான், இழுத்தாலும் அதேதான், நெருப்பிலிட்டுக் கடினமாக்கினாலும் கிட்டத்தட்ட அதேதான். இரும்பணுக்கள் தமக்குள் கொண்ட ஈர்ப்பிலிருந்து வரும் எண் அது. சுத்தியலுக்கோ தணலுக்கோ அங்கே வேலை இல்லை. சுமை ஏறியதும் தண்டு தொய்கிறதா? பதம் போட்டுப் பயனில்லை, தடிமனைத்தான் கூட்ட வேண்டும். இந்தப் பிடிவாதத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பெயரின் கடைசி இரண்டு இலக்கங்கள் கரியின் அளவைச் சொல்கின்றன: பத்தாயிரம் பங்கில் சுமார் 45. தர விதி 43 முதல் 50 வரை இடம் தருகிறது. கூடவே 0.6 முதல் 0.9 சதவீதம் மாங்கனீசு. கோவை லேத் பட்டறைகளில் தண்டு கடைய எடுக்கும் இஎன்-8, கரி சற்றுக் குறைந்த இதன் நெருங்கிய உறவு. இந்தச் சொற்பக் கரி உள்ளே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை நுண்நோக்கியில்தான் பார்க்க வேண்டும். ஷெஃபீல்டு நகரத்து ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1860-களில் எஃகை மெருகேற்றி, அமிலத்தால் லேசாக அரித்துப் பார்த்தார். சூட்டிலிருந்து மெல்ல ஆறிய 1045-ஐ அப்படிப் பார்த்தால், பாதிக்குமேல் கருமையான திட்டுகள். அவற்றைச் சுற்றி ஏறக்குறையத் தூய இரும்பின் வெண்மையான ஓரங்கள். கருமையை இன்னும் பெரிதாக்கினால் அது கருமையே அல்ல. மென்மையான இரும்பும் கடினமான இரும்புக் கார்பைடும் மாறி மாறி அடுக்கிய, மைக்ரானுக்கும் மெல்லிய தகடுகள். ஒளி அவற்றில் பட்டுச் சிதறும்போது சிப்பியின் உட்புறம் போல மினுங்கும். வலிமை இந்த அடுக்கிலிருந்து, வளையும் குணம் அந்த வெண்மையிலிருந்து.

830 பாகை செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சினால் அடுக்குகள் கலைந்து, கரி முழுவதும் இரும்பில் கரைந்துவிடும். அந்த நிலையில் தண்ணீரில் தோய்ச்சல் கொடுத்தால் மறுபடி அடுக்காகப் பிரிய அதற்கு நேரமில்லை. அணுக்கூட்டுக்குள் சிறைப்பட்டு, கூட்டையே ஒரு பக்கம் நீட்டிவிடுகிறது. மேல்தோலின் கடினம் ராக்வெல் சி அளவில் 55-ஐத் தாண்டும். கரி இதில் பாதி இருந்தால் இந்தக் கடினம் வராது. இரு மடங்கானால் மேலும் கடினமாகும், ஆனால் நொறுங்கும். 45-ஐ நான் கொண்டாடுவது இதனால்தான்.

குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த எஃகுகளைப் போல இது ஆழம்வரை கடினமாவதில்லை. தடித்த தண்டில் சில மில்லிமீட்டர் மட்டுமே. உட்பகுதி பழைய அடுக்குகளாகவே ஆறிவிடும். குறையாக எழுதப்படும் இதைத்தான் கிராங்க் தண்டு செய்பவர்கள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். அதிர்வெண் கூடிய மின்சாரம் தோலை மட்டும் சில விநாடிகளில் சிவக்கவைக்கும். உடனே தண்ணீர் பீய்ச்சப்படும். தேய்மானத்தைத் தாங்கக் கடினமான மேனி, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள இளகிய உள்ளம்.

இவ்வளவுக்கும் அட்டவணையில் இடம்பெறாத ஒரு நயம் உண்டு. இது அச்சில் வார்த்த வடிவிலேயே விடப்படுவதில்லை. உருட்டியும் அடித்தும் உருவாக்குவது. உள்ளே துளித்துளியாக இருக்கும் மாங்கனீசு சல்பைடு உருட்டும் திசையில் இழைகளாக நீள்கிறது. எனவே எஃகுக்கும் மரம்போல ஓட்டம் வந்துவிடுகிறது: நீளவாட்டில் தாங்கும் இடியை அது குறுக்கே அதே அளவு தாங்காது. ஒரே கட்டையிலிருந்து கிராங்க் தண்டைக் கடைந்தெடுத்தால் ஒவ்வொரு வளைவிலும் அந்த இழைகள் வெட்டுப்படும். சூட்டில் அடித்து வளைத்தால் இழைகளும் வளைவோடு திரும்பி, ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு அறுபடாமல் ஓடும்.