யாருடைய இரண்டு மொழிகள்?

2019இல் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை அமைந்து நாங்கள் சென்னையிலிருந்து கிளம்பியபோது, அவருடைய நிறுவனத்திலிருந்து இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. விசா, சம்பளம், காப்பீடு பற்றியது அவருக்கு. பள்ளிகளின் கையேடுகள் எனக்கு. இப்படிப் பிரித்து அனுப்புங்கள் என்று யாரும் கேட்கவில்லை. பிரிந்தே வந்தது.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஆறு சர்வதேசப் பள்ளிகளின் கையேடுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து, இரண்டு வாரம் படித்தேன். மெய்ப்புத் திருத்துவது என் தொழில். எதைப் படித்தாலும் வாக்கியத்தின் எழுவாயைத் தேடும் பழக்கம் போகாது. இந்தக் கையேடுகளில் எழுவாய் எப்போதும் 'குடும்பம்'தான். குடும்பம் இடம்பெயர்கிறது, குடும்பம் பள்ளியைப் பார்வையிடுகிறது, குடும்பம் முடிவெடுக்கிறது. பள்ளிகளைப் பார்வையிடும் நாளன்று போய்ப் பார்த்தால், அங்கே குடும்பங்கள் இல்லை. பெண்கள் இருந்தோம். ஜப்பானியப் பெண்கள், பிரெஞ்சுப் பெண்கள், புனேயிலிருந்தும் சியோலிலிருந்தும் வந்த பெண்கள். பெரும்பாலானோர் கையில் ஒரு எக்செல் ஷீட் இருந்தது. கட்டணம், தூரம், பாடத்திட்டம், பேருந்து, காத்திருப்போர் பட்டியல். வந்திருந்த இரண்டு மூன்று ஆண்களுக்குப் பள்ளி ஊழியர்கள் காட்டிய தனி மரியாதையையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்காக விடுப்பு எடுத்த அப்பா என்றால் எல்லோர் முகத்திலும் ஒரு பூரிப்பு.

சேர்க்கைப் படிவம் கையேட்டைவிட நேர்மையானது. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்ற இடத்தில் முதலில் 'தாய்' என்று அச்சிட்டிருந்தது. கட்டண ரசீது அனுப்பவேண்டிய முகவரி என்ற இடத்தில் தந்தையின் நிறுவனம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நான், பணம் வேண்டுமென்றால் அவர். ஒரே பக்கத்தில் மொத்தக் குடும்ப அமைப்பும் அடங்கிவிட்டது.

இந்தக் கையேடுகளில் மூன்று, 'இருமொழிப் பள்ளி' என்று தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டன. இரண்டு ஆங்கிலம்–மாண்டரின், ஒன்று ஆங்கிலம்–பிரெஞ்சு. சிறுவயதில் இன்னொரு மொழியில் மூழ்கினால் குழந்தையின் சொந்த மொழிக்கு எந்தக் குறையும் வராது, ஆய்வுகள் நிரூபித்துள்ளன என்று எழுதியிருந்தார்கள். எந்த ஆய்வு என்று சொல்லவில்லை. தேடிப் போனால் வழி கனடாவில் போய் முடிகிறது. மான்ட்ரியலுக்கு அருகில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊர். 1965இல் அங்கே ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு முழுக்கப் பிரெஞ்சிலேயே பாடம் நடத்தும் வகுப்பு தொடங்கியது. அதற்காகப் பள்ளி வாரியத்தோடு போராடியவர்கள் பெற்றோர். முன்னின்றவர்கள் ஓல்கா மெலிகாஃப், மூரியல் பார்க்ஸ், வாலரி நீல் என்ற மூன்று தாய்மார்கள். பிறகு மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, ரிச்சர்ட் டக்கருடன் சேர்ந்து 1972இல் நூலாக வெளியிட்டார். ஊரின் பெயரும் பேராசிரியரின் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் 'லாம்பர்ட்' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பேராசிரியர்தான். அம்மாக்களின் பெயர்களை நான் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

அந்த ஆய்வு பொய்யில்லை. அந்தக் குழந்தைகளின் ஆங்கிலம் உண்மையிலேயே குறையவில்லை. ஏன் குறையும்? வீட்டில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் ஆங்கிலம், அப்பாவின் அலுவலகத்தில் ஆங்கிலம், கண்டம் முழுக்க ஆங்கிலம். ஏற்கெனவே பலமாக இருக்கும் மொழியின் மேல் இன்னொரு மொழி வந்து சேர்ந்தது. லாம்பர்ட்டே பிற்பாடு இதைக் கூட்டல் என்றும், வலுவற்ற மொழி பேசுவோருக்கு நடப்பதைக் கழித்தல் என்றும் பிரித்துச் சொன்னார். கையேடுகள் கூட்டலை மட்டும் எடுத்துக்கொண்டன. என் மகள் சேரவிருந்த பள்ளியில் இரண்டு மொழிகள் இருந்தன. இரண்டில் எதுவும் அவள் எங்களோடு பேசிய மொழி இல்லை. அவளுக்கு அது மும்மொழிப் பள்ளி. மூன்றாவது மொழியின் ஆசிரியை சம்பளமில்லாமல், இரவு எட்டு மணிக்கு மேல், பாத்திரம் கழுவிய கையோடு வகுப்பெடுக்க வேண்டியவள்.

காலக்கணக்கும் உதைக்கிறது. புலம்பெயர்ந்த குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், புதிய மொழியில் விளையாட்டுத் திடல் பேச்சுக்குச் சுமார் இரண்டு ஆண்டுகளும், பாடம் படித்து எழுதும் அளவு தேர்ச்சிக்கு ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகளும் ஆகும் என்கிறார். எங்கள் ஒப்பந்தம் மூன்றாண்டு. ஒரு பள்ளியின் சேர்க்கை அதிகாரியிடம் இதைக் கேட்டேன். "குழந்தைகள் ஸ்பாஞ்சு மாதிரி" என்றார். நானும் தலையாட்டினேன்.

இத்தனையும் நடந்தது தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டில் என்பதை மறக்கக்கூடாது. சிங்கப்பூர் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்தோடு தாய்மொழி கட்டாயப் பாடம். தமிழும் அதில் ஒன்று. ஆனால் வெளிநாட்டவரின் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைப்பது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் போக மிஞ்சினால்தான். அந்த 'தாய்மொழி' என்ற சொல்லையும் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு குழந்தையின் தாய்மொழிப் பாடம் பொதுவாக அதன் இனப்பதிவைப் பொறுத்தது. இனப்பதிவோ நெடுங்காலம் தந்தையைப் பொறுத்தது. 2011 முதல்தான் கலப்பு மணத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு இனங்களையும் இணைத்துப் பதியும் வசதி வந்தது. தமிழ்ப் பெண்ணுக்கும் சீன ஆணுக்கும் பிறந்த குழந்தையின் தாய்மொழி மாண்டரின் என்று பதிவான ஒரு நாட்டில், அந்தச் சொல்லில் தாய் எங்கே இருக்கிறாள்? வீட்டில் மொழியைக் கட்டிக்காக்கும் வேலை தாய்க்கு, அது என்ன மொழி என்று சொல்லும் உரிமை தந்தைக்கு.

கடைசியில் மகளை ஆங்கிலம்–மாண்டரின் பள்ளியில்தான் சேர்த்தோம். நிறுவனம் கட்டணம் கட்டியது, வீட்டுக்குப் பக்கம். நான் வருந்தவில்லை. உணவங்காடியில் தேநீர்க் கடைக்காரரிடம் அவள் மாண்டரினில் பேரம் பேசி அவரைச் சிரிக்க வைத்த நாளை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. நான் குறை சொல்வது மாண்டரினை அல்ல. அந்தத் தேர்வுக்குப் பின்னால் இருந்த வேலையை எந்தக் கையேடும் வேலை என்று எண்ணாததைத்தான்.

அந்த வேலை எவ்வளவு என்பது 2021இல் எனக்கு உறைத்தது. நான் இருந்தது டிபெண்டன்ட் பாஸில். அதாவது சட்டப்படி நான் இன்னொருவரைச் சார்ந்தவள். அதற்கு முன்பு ஒரு சம்மதக் கடிதம் வாங்கினால் அந்த பாஸிலேயே வேலை செய்யலாம். நானும் ஒரு பாடநூல் நிறுவனத்தில் அரைநேரம் மெய்ப்புப் பார்த்தேன். அந்த ஆண்டு மே 1 முதல் விதி மாறியது. வேலை செய்யத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். என் கடிதம் காலாவதியானபோது, அரைநேர மெய்ப்புக்காரிக்காக அந்தச் சிரமத்தை எடுக்க நிறுவனம் தயாராக இல்லை. வீட்டுக்கு வந்தேன். "நல்லதாப் போச்சு, பாப்பாவோட படிப்பைப் பாத்துக்கலாம்" என்றார் மாமியார் தொலைபேசியில். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் பள்ளி கேட்டதும் அதையேதான். வாரம் இருமுறை பெற்றோர் வாசிப்பு நேரம், பகல் பதினோரு மணிக்கு. பகல் பதினோரு மணிக்கு வர முடிந்த பெற்றோர் யார் என்று பள்ளிக்கு நன்றாகத் தெரியும்.

'இடம்பெயரும் குடும்பம்' என்ற சொல்லுக்குள் நுழையவே ஒரு வருமானம் வேண்டும். துணையையும் பிள்ளைகளையும் அழைத்துவர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி. வீட்டுவேலைக்கு வரும் பெண்களின் பர்மிட்டில் குடும்பத்தைக் கூட்டிவர அனுமதியே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கர்ப்பப் பரிசோதனை உண்டு. காலையில் பள்ளிப் பேருந்துக்குக் காத்து நின்றதில் பாதிப்பேர் அவர்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மியன்மார், எங்கள் ஊர்ப்பக்கம். அடுத்தவர் பிள்ளையின் பையைச் சுமந்துகொண்டு, தண்ணீர் பாட்டிலின் மூடியைச் சரிபார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவர்களில் ஒருத்தி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். எதிர் பிளாக்கில் வேலை. அவளுடைய மகள் ஊரில் பாட்டியோடு இருந்தாள், என் மகளைவிட ஒரு வயது மூத்தவள். ஒருநாள் பேருந்து போன பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, நீங்க இங்க நெறைய ஸ்கூல் பாத்துச் சேத்தீங்கன்னு சொன்னாங்க. என் பொண்ணை கவர்மென்ட் ஸ்கூல்லயே விடவா, இல்ல டவுன்ல இங்கிலீஷ் மீடியத்துல போடவா? வேன் ஃபீஸோட சேத்தா நாலு மாசச் சம்பளம் போயிடும். அம்மாவுக்கு விசாரிக்கத் தெரியாது."

அவளும் நாடு விட்டு நாடு வந்தவள்தான். அவளும் இரண்டு மொழிகளுக்கு நடுவே பள்ளி தேடிக்கொண்டிருந்தாள், இரவு பத்து மணிக்கு முதலாளியம்மா வைஃபை அணைப்பதற்குள், வாட்ஸாப்பில். அவளுக்கு யாரும் கையேடு அனுப்பவில்லை. என் எக்செல் ஷீட்டில் பதினேழு வரிசைகள் இருந்தன. அவளுக்கு உதவுகிற ஒன்றுகூட அதில் இல்லை. பேருந்து நிறுத்தத்துத் திண்ணையில் உட்கார்ந்து, அவள் அம்மா அனுப்பியிருந்த கட்டணச் சீட்டின் மங்கலான படத்தைப் பெரிதாக்கி, இருவரும் ஒவ்வொரு வரியாகப் படித்தோம்.