அசையாத ஆட்டக்காரரும் நிற்காத ஆட்டக்காரியும்

ஓவியர் முன்னால் மாடலாக நிற்பது உடலுக்கு எவ்வளவு பெரிய வேலை என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் தோள் எரியும், பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் துடிக்கும். ஒரு தடகள வீரருக்கு வேண்டிய கட்டுப்பாடு அதற்கும் வேண்டும். அதனால் இந்த வாரம் கபடியையும் கிரிக்கெட்டையும் தள்ளி வைத்துவிட்டு, குற்றாலத்தில் இருக்கும் இரண்டு ஆட்டங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று சுவரில் இருக்கிறது, மற்றது பாட்டில் இருக்கிறது.

சுவரில் இருப்பவர் சித்திர சபை நடராசர். அவர் ஆடும் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம். குற்றாலம் மட்டும் சித்திரம். குற்றாலநாதர் கோயிலிலிருந்து தனியே, எதிரே தெப்பக்குளத்தோடு நிற்கும் இந்தச் சபையில் செப்புத் திருமேனி கிடையாது. சுவரில் வண்ணத்தால் எழுதிய உருவம்தான் ஆடுகிறது. மார்கழித் திருவாதிரையில் இந்தச் சபையில் தாண்டவ தீபாராதனை நடக்கும். தீபம் அசைய அசைய, சுவரில் இருக்கும் கால் அசைவது போலத் தோன்றும் அந்த நொடிக்காகவே கூட்டம் நிற்கும்.

ஆட்டத்தை அலசுகிறவனாகப் பார்த்தால், ஒற்றைக் காலில் முழு எடையையும் தாங்கி மறு காலைக் குறுக்கே தூக்கி நிறுத்துவது சமநிலையின் உச்சம். அதைத் தாங்குபவருக்கு வலிக்குமே என்று கவலைப்பட்ட ரசிகர் ஒருவரும் நம்மிடம் உண்டு. நடனம் கற்றுக்கொண்ட ராசசேகர பாண்டியன், தன் கால் நோவதை உணர்ந்து, ‘சுவாமிக்கும் இப்படித்தானே இருக்கும்’ என்று உருகி, கால் மாற்றி ஆடும்படி வேண்டினான் என்கிறது திருவிளையாடற் புராணம். மதுரை வெள்ளியம்பலத்தில் வலக்கால் தூக்கியிருப்பது அதனால்தான். மாடலின் வலியைத் தன் உடம்பில் உணர்ந்த பார்வையாளன் என்று நான் பாண்டியனைச் சொல்வேன். குற்றாலத்துச் சுவரில் கால் மாற்ற வழியில்லை. ஓவியன் நிறுத்திய இடத்தில் அவர் நிற்கிறார்.

இரண்டாவது ஆட்டக்காரி இதற்கு நேர்மாறானவள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது மேலகரம். அந்த ஊர்க்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடிய குற்றாலக் குறவஞ்சியின் நாயகி வசந்தவல்லி. மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் இந்த நூலுக்காகக் கொடுத்த நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர் வந்தது.

கவிராயர் அவளை இரண்டு முறை வரைகிறார். முதல் முறை, அவள் மேடைக்கு வந்தவுடன் கூந்தலிலிருந்து தொடங்கி ஒவ்வோர் உறுப்பாக இறங்கி வரும் வருணனை. இது நிற்க வைத்து எழுதிய ஓவியம். அழகாக இருக்கிறது, ஆனால் மற்ற சிற்றிலக்கிய நாயகிகளுக்கும் இதே அளவுகோல்தான். அடுத்து அவள் கையில் பந்து வருகிறது. அந்த நொடியில் கவிராயரின் தூரிகை வேறாகிவிடுகிறது.

அந்தப் பந்துப் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ங்க, ண்ட, ந்த, ம்ப என்று மெல்லின ஒற்று வந்து வல்லினத்தில் மோதிக்கொண்டே இருக்கும். மெல்லினம் பந்து கீழே இறங்கும் நேரம், வல்லினம் அது தரையில் படும் நேரம். ‘பந்து’ என்ற சொல்லுக்குள்ளேயே அந்த ஓசை இருக்கிறது! வளையல் ஒரு பக்கம், சிலம்பும் தண்டையும் இன்னொரு பக்கம், கண் ஒரு பக்கம், துவளும் இடை ஒரு பக்கம் என்று உடம்பின் ஒவ்வொரு பகுதியும் தன் தாளத்தில் ஆட, எல்லாம் ஒரே அடியில் வந்து சேர்கின்றன. என் அண்ணன் மகளிடம் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, நான் பாட்டைச் சொல்லச் சொல்லத் தட்டச் சொன்னேன். இரண்டாம் அடிக்குள் அவள் கை தானாகவே அந்தச் சந்தத்தில் விழுந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவள் பந்து ‘விளையாடினாள்’ என்று கவிராயர் முடிக்கவில்லை, ‘பயின்றாள்’ என்கிறார். பயிற்சி பெற்ற ஆட்டக்காரியை மதித்து எழுதிய சொல் அது.

பந்தாடும் பெண்ணைப் பார்த்துக் காதல் கொள்வது நம் மரபில் பழைய கதை. கொங்குவேளிரின் பெருங்கதையில் மகளிர் ஆயிரக்கணக்கில் எண்ணி எண்ணிப் பந்தடிக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியான மானனீகையின் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்த காப்பிய நாயகன் உதயணன், அவள் ஒப்பனை செய்யும் தன் மனைவி வாசவதத்தையின் முகத்திலேயே யவன எழுத்தில் காதல் ஓலை எழுதி அனுப்புகிறான். மனைவியின் முகத்தைத் தாளாக்கிய இந்த வேலையை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனாலும், தூரிகையால் காதல் சொல்லும் விசித்திரக் கதைக்கு இதைவிடப் பழைய தமிழ்ச் சான்று எனக்குத் தெரியாது.

கலைஞனுக்கும் அவன் முன்னால் நிற்பவளுக்கும் உள்ள இந்த உறவைத்தான் இப்போது பிள்ளைகள் ஜப்பானிய மங்காவில் தேடிப் படிக்கிறார்கள். ஷினிச்சி ஃபுகுதா 2018 முதல் 2025 வரை வரைந்த ‘மை டிரெஸ்-அப் டார்லிங்’ ஓர் உதாரணம். பொம்மைக்கு உடை தைத்துப் பழகிய கோஜோ என்ற மாணவன், மாரின் என்ற துறுதுறுப்பான பெண்ணுக்கு வேட உடை தைக்கத் தொடங்குகிறான். பொம்மை நின்ற இடத்தில் நிற்கும், மாரின் நிற்க மாட்டாள். அதுதான் கதையின் முடிச்சு. கவிராயரின் எழுத்தாணி சந்தித்ததும் அதே சிக்கல்தான்.

குற்றாலக் கதையில் ஒரு திருப்பம் உண்டு. பந்தாடிக்கொண்டிருந்தவள் காதல் கொள்வது யார் மேல்? விடையேறிப் பவனி வரும் திரிகூடநாதர் மேல். சபைச் சுவரில் ஓவியமாக நிற்கும் அதே ஈசன். அவரைக் கண்டதும் அவளுடைய ஆட்டம் குலைகிறது. வளையல் கழல்கிறது, நிலவைப் பழிக்கிறாள், மன்மதனைத் திட்டுகிறாள். அவள் திட்டிய மன்மதனை, ரதியோடு, தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் சிற்பங்களில் இன்றும் பார்க்கலாம். ஆடுகளத்தில் நிலைகுலையாதவள் காதலில் நிலைகுலைவதைக் கவிராயர் ஒளிக்காமல் காட்டுகிறார். அவளுக்குத் திருமணக் காட்சிகூட எழுதவில்லை. குறத்தி நல்ல குறி சொல்வதோடு அவள் கதை நிற்கிறது. மேடை அந்தக் குறத்தி சிங்கிக்கும் அவள் கணவன் சிங்கனுக்கும் போய்விடுகிறது.

ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்துகொண்டு வந்தவர்களுக்கெல்லாம் இந்தப் பாட்டுகளைச் சொல்லிச் சொல்லிச் சுவைக்க வைத்தார். ருக்மிணி தேவி 1944இல் கலாக்ஷேத்ராவில் இதை நாட்டிய நாடகமாக்கினார். மேடை ஏறியது நல்லதுதான். ஆனால் மேடையில் பந்து பெரும்பாலும் அபிநயமாகிவிடுகிறது. கை தட்டுகிறது, பந்து இல்லை. பந்து இல்லாமல் அந்தச் சந்தம் பாதிதான்.

இரண்டு ஆட்டங்களையும் ஒப்பிட்டு என் தீர்ப்பைக் கேட்டால், சமநிலைக்குச் சபை நடராசர், ஓட்டத்துக்கு வசந்தவல்லி. ஒருவருக்குத்தான் பரிசு என்றால் வசந்தவல்லிக்கே கொடுப்பேன். ஓவியனுக்காக நிற்காமல், கவிஞனைத் தன் பின்னால் ஓட வைத்தவள் அவள்.

தென்காசி மாவட்டத்து உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாரல் விட்ட ஒரு மாலையில் தமிழ் ஆசிரியரையும் மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். அவர் பந்துப் பாட்டைச் சொல்லட்டும், மாணவிகள் கையில் ஆளுக்கொரு பந்து இருக்கட்டும்.